மிடில் ஸ்கூல் பிள்ளைகளும் வீட்டுப்பள்ளிச் சுமையும்

வணக்கம் சகோதரி,

பஃபலோவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, மகன் 8ஆம் கிரேடு, மகள் 6ஆம் கிரேடு, இருவருக்கும் வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன், காலையில் உட்கார்ந்தால் இரவு வரை முடிவதில்லை, எதைக் குறைப்பது என்று கேட்டிருந்தீர்கள். இங்கத்திய பாடங்களோடு இந்தியாவின் என்சிஇஆர்டி பாடநூல்களையும் முழுதாக நடத்துவதாக நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான். நானும் இதே நியூயார்க் மாநிலத்தில் இரண்டு பிள்ளைகளின் மிடில் ஸ்கூல் படிப்பை வீட்டிலேயே முடித்தேன். நீங்கள் சொல்லும் களைப்பு எனக்குப் புரிகிறது.

முதலில் மாநிலம் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். 6ஆம் கிரேடு வரை வருடத்துக்கு 900 மணி நேரம், 7ஆம் கிரேடிலிருந்து 990 மணி நேரம். 180 நாட்களுக்குப் பிரித்தால் மகளுக்கு நாளைக்கு 5 மணி, மகனுக்கு 5½ மணி. இதைப் பார்த்ததும் பலர் அத்தனை நேரமும் மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. 7, 8 கிரேடுகளில் பாட நேரத்தை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு யூனிட் என்பது வருடத்துக்கு 6,480 நிமிடம், அதாவது நாளைக்கு 36 நிமிடம். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறும் புவியியலும், இந்த நான்குக்கும் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துத் தலா 2 யூனிட். ஆக, உங்கள் மகனுக்கு முக்கியப் பாடங்கள் நான்கும் சேர்ந்து நாளைக்கு 2 மணி 24 நிமிடம். மீதி நேரத்தில் ஓவியம், இசை, உடற்பயிற்சி, உடல்நலம், நூலகப் பயன்பாடு, கைத்தொழில் எல்லாம் வருகின்றன. என் பிள்ளைகள் சமையலும் தையலும் பழகியதைக் கைத்தொழிலில்தான் எழுதினேன். பாட்டு வகுப்பு, நீச்சல், நூலகத்தில் போகும் மதியங்கள், இவையெல்லாம் பாட நேரம்தான். தினமும் குறித்து வையுங்கள், தானாகச் சேர்ந்துவிடும்.

இப்போது அந்த இரட்டைப் பாடத்திட்டம். ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்ற பயம் நியாயமானது, விசாவில் இருக்கும் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்காக எல்லாப் பாடத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டியதில்லை. அறிவியல் எங்கே படித்தாலும் அறிவியல்தான். ஒளியும் உயிரணுவும் விசையும் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. இந்திய வரலாற்றைப் பாடமாக நடத்தாமல், விடுமுறையில் நல்ல புத்தகங்களாகப் படிக்கக் கொடுங்கள். ஊர்ப் பாடத்தில் விடக் கூடாதவை இரண்டே: கணக்கும் தமிழும். கணக்கிலும் இரண்டு புத்தகத்தை வரிசையாக நடத்த வேண்டாம். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு, அதில் இல்லாத தலைப்புகளை மட்டும் மற்றதிலிருந்து எடுங்கள். தமிழுக்குத் தினமும் 20 நிமிடம் வாசிப்பு போதும். வார இறுதித் தமிழ்ப் பள்ளி பக்கத்தில் இருந்தால் தமிழ்ப் பாடத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

சுமை கூடுவதற்கு இன்னொரு காரணம், வருடத் தொடக்கத்தில் பள்ளி மாவட்டத்துக்கு நாமே எழுதிக் கொடுக்கும் கல்வித் திட்டம். ஐ.எச்.ஐ.பி. என்பார்கள். புதிதாக வந்தவர்கள் அதிகாரிகள் மெச்ச வேண்டும் என்று அதில் ஏகப்பட்டதை எழுதிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும், அந்தக் காலாண்டுக்கென்று எழுதியதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏன் என்று எழுத்தில் விளக்க வேண்டும். நாமே ஏற்றிக்கொண்ட பாரம் அது. அடுத்த வருடம் சிக்கனமாக எழுதுங்கள். கூடுதலாக நடத்துவதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

இருவரையும் சேர்த்து நடத்த முடிந்ததைச் சேர்த்தே நடத்துங்கள். அமெரிக்க வரலாறு இருவருக்கும் உண்டு. ஒரே அத்தியாயத்தை நீங்கள் ஒரு முறை வாசித்துப் பேசினால் போதும். மகன் இரண்டு பக்கம் எழுதட்டும், மகள் வாயால் சொல்லட்டும் அல்லது வரைபடம் போடட்டும். அறிவியலும் அப்படித்தான். கணக்கை மட்டும் சேர்க்க வேண்டாம், அது படிப்படியாக ஏறும் பாடம். ஒருவருக்கு நீங்கள் கணக்குச் சொல்லித்தரும்போது மற்றவர் தனியாக வாசிக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் உங்கள் தொண்டையும் பிழைக்கும்.

மகனிடம் வாரத் திட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். திங்களன்று பட்டியல், வெள்ளியன்று முடித்திருக்க வேண்டும், எந்த நாளில் எதைச் செய்வது என்பது அவன் முடிவு. முதலில் வியாழன் வரை தள்ளிப்போடுவான். பொறுத்துக்கொள்ளுங்கள். 13, 14 வயதில் அம்மா பக்கத்தில் நின்று நகர்த்திக்கொண்டே இருந்தால் பாடமும் நடக்காது, உறவும் கசந்துபோகும். மகளுக்கு இன்னும் நாள் கணக்கில்தான் கொடுக்க வேண்டும்.

காலை 8 மணிக்கே தொடங்குகிறீர்களாமே, அவசரம் என்ன? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014இல், மிடில் ஸ்கூலும் ஹைஸ்கூலும் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. இந்த வயதில் தூக்கம் பின்னுக்குத் தள்ளிப்போகும் என்பதுதான் காரணம். வீட்டுப்பள்ளியின் பெரிய வசதியே அதுதான். 9.30க்குத் தொடங்குங்கள். டிசம்பரில் அங்கே மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும், பனி வேறு. மதியம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே அனுப்பிவிட்டு, வாசிப்பை மாலைக்கு வையுங்கள்.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புது ஊர், வண்டி ஓட்டவும் இப்போதுதான் பழகுகிறீர்கள், பேச ஆள் இல்லை. வாரத்தில் ஒரு பாடத்தையாவது வீட்டுக்காரர் எடுக்கட்டும். சனிக்கிழமை அறிவியல் சோதனைகள் அவருக்குப் பொருத்தமாக இருக்கும். நூலகத்தில் வீட்டுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது நடக்கிறதா என்று கேளுங்கள், அங்கே மற்ற அம்மாக்களும் கிடைப்பார்கள்.

வருடக் கடைசி மதிப்பீட்டை நினைத்துப் பயந்து ஒர்க்‌ஷீட்டாகக் குவிக்காதீர்கள். 4 முதல் 8ஆம் கிரேடு வரை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் தேர்வு கட்டாயம். இடையில் வரும் வருடத்துக்கு, சான்றிதழ் பெற்ற ஆசிரியர் பிள்ளையின் வேலைகளைப் பார்த்துப் பேசி எழுதித் தரும் மதிப்பீடே போதும். தேர்விலும் மொத்த மதிப்பெண் 33ஆம் பெர்சன்டைலுக்கு மேல், அதாவது ஒப்பிடப்படும் பிள்ளைகளில் 33 சதவீதம் பேரைவிட மேலே இருந்தால் மாநிலத்துக்குத் திருப்தி. மதிப்பீட்டை நான்காவது காலாண்டு அறிக்கையோடு அனுப்ப வேண்டும் என்பதால், எழுதித் தரும் ஆசிரியரை வசந்த காலத்திலேயே பேசி வைத்துவிடுங்கள்.