திருப்பூர் பனியன் துணிக்கு மென்பொருளில் கார்பன் கணக்கு போடும்போது, சாயமேற்றும் கட்டத்தில் மட்டும் எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறதா?

முதலில் மின்சாரக் குணகத்தை, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கார்பன் என்ற எண்ணை, மாற்றுங்கள். ஒரு கிலோ பனியன் துணிக்கு நீங்கள் எடுத்த இலவசத் தரவு ஐரோப்பாவுடையது. அங்கே நிலக்கரி மின்சாரம் குறைவு. நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மத்திய மின்சார ஆணையம் இந்த எண்ணை இலவசமாகவே வெளியிடுகிறது.

சரிபார்க்க ஒரு வழி: மென்பொருளில் மின்சாரத்தை மட்டும் சுழியமாக்கி ஓட்டுங்கள். மொத்தம் பெரிதாகக் குறையவில்லை என்றால், குற்றவாளி வேறு.

எனக்குச் சந்தேகம் கழிவுநீர் மேல்தான். நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் கலந்ததால்தான் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஓட மின்சாரம் வேண்டும், மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்க நீராவி வேண்டும், அதற்கு பாய்லரில் விறகு. வெளிநாட்டுத் தரவில் இந்தச் செலவு பெரும்பாலும் கணக்கில் இருக்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட், எத்தனை கிலோ விறகு என்று கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

ஒன்று கவனம்: அந்த 0.7 மின்நிலையப் புகைபோக்கி வரைதான். நிலக்கரி தோண்டுவதும் கம்பியில் போகும் இழப்பும் அதில் இல்லை. அப்புறம், உங்கள் பட்டறைக்குச் சொந்தக் காற்றாலை இருந்தால் அந்த யூனிட்டுகளைத் தனியாகப் போடுங்கள்.