மழை விட்ட பிறகும் டிஷ் தொலைக்காட்சியில் படம் வராவிட்டால் எதைத் திருத்த வேண்டும்?

வெள்ளவத்தையில் கடலோரம் வீடு. மழை நின்றும் சிக்னல் இல்லை. திருத்த வந்தவர் டிஷ் முழுவதையும் மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கொட்டும் மழையில் படம் மறைவது பழுதே அல்ல. டிஷ் பிடிக்கும் ஏறத்தாழ 12 கிகாஹேர்ட்ஸ் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. மழை ஓய்ந்ததும் படம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நான் முதலில் சந்தேகிப்பது கேபிள் முனையில் உள்ள இணைப்பியைத்தான். உப்புக்காற்று அதை அரித்துவிடும். உள்ளே நீர் இறங்கினால், டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்து அலைகளை வாங்கும் கருவியான எல்.என்.பி.க்கு ரிசீவர் அனுப்பும் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் சரியாகப் போய்ச் சேராது. சில சேனல்கள் மட்டும் மறைவதற்கும் இது காரணமாகலாம், ஏனெனில் செங்குத்தாக அதிரும் அலையைப் பிடிப்பதா, கிடையாக அதிரும் அலையைப் பிடிப்பதா என்பதை அந்த மின்னழுத்தமே தீர்மானிக்கிறது.

எங்கள் வீட்டிலும் டிஷ்ஷை மாற்றத்தான் சொன்னார்கள். பச்சை பூத்த இணைப்பியை வெட்டி எறிந்து, கேபிள் முனையைப் புதிதாகச் சீவிப் பூட்டியதும் படம் வந்துவிட்டது! அவ்வளவு சின்னப் பொருளுக்காக ஒரு குடும்பம் மாதச் செலவில் கைவைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே இணைப்பி, கேபிள், டிஷ் திரும்பியிருக்கும் கோணம், அதன்பின் எல்.என்.பி. என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். டிஷ் வளைந்தோ துருப்பிடித்து ஓட்டையாகியோ இருந்தால் மட்டுமே அதை மாற்றலாம். வருகைக் கட்டணத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பொருளையும் திருப்பி வாங்குங்கள். மார்ச் மாதத்திலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாள்கள் பகலில் சில நிமிடம் படம் போனால் யாரையும் அழைக்க வேண்டாம்: அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது.