முப்பரிமாணச் சண்டை வீடியோ விளையாட்டு ஒன்று விளையாடத் தகுந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

டெக்கன், சோல்காலிபர், வெர்ச்சுவா ஃபைட்டர் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள், எதை நம்பி நேரத்தைச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. நான் முதலில் பார்ப்பது பக்கவாட்டில் விலகினால் ஏதாவது மாறுகிறதா என்பதை. மாறவில்லை என்றால் அது முப்பரிமாணத்தில் படம் மட்டும் வரைந்த விளையாட்டு. கிராஃபிக்ஸ் எவ்வளவு மினுங்கினாலும் கெதியில் அலுத்துவிடும்.

1993இல் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான சேகாவில் யூ சுசுகியின் குழு வெர்ச்சுவா ஃபைட்டரைக் கொண்டுவந்தபோது உருவங்கள் முப்பரிமாணத்தில் இருந்தன, கேமரா சுற்றி வந்தது, ஆனால் ஆட்டம் முன்னும் பின்னுமாகத்தான் நடந்தது. அடுத்த ஆண்டு வந்த முதல் டெக்கனும் ஏறத்தாழ அப்படியே. 1997இல் டெக்கன் 3 வந்தபோதுதான் எல்லாப் பாத்திரங்களுக்கும் பக்கவாட்டில் ஒரு எட்டு, அதாவது ஒரு காலடி, விலகும் வசதி கிடைத்தது. 1998இல் சோல்காலிபர் எட்டுத் திசையிலும் நடக்கவே விட்டது. இந்த இரண்டையும் இன்றைக்கும் எடுத்து விளையாட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விலகுவதில் அப்படி என்ன இருக்கிறது? கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கோட்டில் மறித்து நிற்பவன் முன்னால் வலப்பக்கம் போவதுபோல உடம்பைக் காட்டி, அவன் சாய்ந்த கணத்தில் இடப்பக்கத்தால் பாய்வோமே, அதே கணக்குத்தான். நேராகப் பாயும் அடிகள் பலமானவை, ஆனால் எதிராளி ஒரு எட்டு விலகினால் காற்றில் போகும், நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். விலகுபவனைப் பிடிக்கச் சுழற்றி அடிக்கும் அடிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பல மெதுவானவை, சிலவற்றைக் குனிந்தே தப்பலாம். சோல்காலிபரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: மேலிருந்து கீழே வெட்டும் வெட்டுக்கு விலகலாம், விலகுபவனைக் குறுக்கு வெட்டுப் பிடிக்கும், குறுக்கு வெட்டை நேர் வெட்டு வெல்லும். டெக்கனில் பல பாத்திரங்களுக்கு ஒரு பக்கம் பலவீனம் என்பதால், எதிரில் நிற்பது யார் என்று பார்த்துத்தான் இடமா வலமா என்று முடிவெடுக்க வேண்டும். ஆக ஒவ்வொரு நொடியும் இரண்டு பேரும் ஒருவர் மனதை ஒருவர் வாசித்துக்கொண்டு இருக்கிறார்கள், அது இல்லாவிட்டால் எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

அடுத்தது, தோற்றால் ஏன் தோற்றோம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். டெக்கனில் ஜாகுவார் என்ற சிறுத்தை போன்ற விலங்கின் முகமூடி போட்ட கிங் என்ற மல்யுத்தக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பிடித்துத் தூக்கி எறிய வரும்போது எந்தக் கை முன்னால் நீள்கிறது என்று பார்க்க வேண்டும். இடக்கை என்றால் இடக்கை பட்டன், வலக்கை என்றால் வலக்கை பட்டன், இரண்டும் என்றால் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிடி விடும். அக்காவின் மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் தூக்கி எறிபட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ஒருநாள் "மாமா, கையைக் கண்டிட்டன்" என்று கத்தினான், அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க நான் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஆட்டம் எதையும் ஒளிக்கவில்லை, பார்க்கப் பழகியவனுக்குப் பதில் திரையிலேயே இருக்கிறது. டெக்கன் 3இல் எடி கோர்டோ என்ற பாத்திரத்தை எடுத்துக் கண்டபடி உதை பட்டன்களை அடித்து வெல்லும் பெடியள் எல்லா ஊரிலும் உண்டு. அதுவும் நல்லதே. புதிதாக வருபவன் முதல் நாளே இரண்டு ஆட்டம் வென்றால்தான் மறுநாளும் வருவான். ஆனால் எங்கே குனிவது, எப்போது தடுப்பது என்று கற்றவன் அவனை நிறுத்த வழி இருக்க வேண்டும்.

நான் இருப்பது இணையம் மெதுவான புதுக்குடியிருப்பில், ஆகவே ஒன்லைன் ஆட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப் படங்களாக, ஓடுகின்றன. டெக்கனில் வேகமான குத்து 10 ஃபிரேமில் வந்துவிடும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. டொங்கிளில் வரும் இணையம் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினால் அதில் 6 ஃபிரேம் போய்விட்டது. கையைப் பார்த்துப் பிடியை விடுவிப்பது எல்லாம் அப்போது கனவு. எதிராளியின் அசைவை ஊகித்துக் காட்டி, ஊகம் பிழைத்தால் பின்னால் போய்த் திருத்தும் ரோல்பேக் முறை இருக்கும் விளையாட்டு இந்தத் தாமதத்தை ஓரளவு மறைக்கும். 2025இல் கணினிக்கு வந்த வெர்ச்சுவா ஃபைட்டர் 5 ரெவோவில் அது இருக்கிறது. ஆனாலும் இங்கே ஒரே திரைக்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து விளையாடுவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை, ஆகவே அப்படி உட்கார்ந்து விளையாட நன்றாக இருக்கும் ஒன்றையே வாங்கச் சொல்வேன். இணையம் குறைந்த ஊர் என்று யாரும் மனம் சோர வேண்டாம். பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019இல் ஒரே ஆண்டில் எவோ ஜப்பான், லாஸ் வேகாஸில் நடந்த எவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டிகள் இரண்டிலும் டெக்கன் 7இல் முதலிடம் எடுத்தார். ஜப்பான், கொரியாக்காரர்களின் கோட்டை என்று எல்லாரும் நினைத்த விளையாட்டு அது. பக்கத்தில் இருந்து அடித்துப் பழக நல்ல நாலு பேர் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் ஒருவர் வரலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

சரி, என்ன வாங்குவது? வாள், ஈட்டி பிடிக்குமென்றால் 2018இல் வந்த சோல்காலிபர் 6. நீண்ட காலம் ஒன்றையே தோண்டிக்கொண்டு இருக்க ஆசையென்றால் டெக்கன் 7 அல்லது 8. கையில் பழைய பிளேஸ்டேஷன் 2 இருந்தால் டெக்கன் 5 போதும், குறை ஒன்றும் இல்லை. போனில் எமுலேட்டர் (பழைய விளையாட்டுக் கருவிபோல் போனை நடக்கவைக்கும் செயலி) போட்டு டெக்கன் 6 விளையாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கவாட்டில் விலக மேல் அல்லது கீழ் பட்டனை மெல்லத் தட்டிவிட்டு உடனே விட வேண்டும், அழுத்திப் பிடித்தால் குதிக்கும் அல்லது குனியும். கண்ணாடித் திரையில் இது விரலுக்குப் பிடிபடாது, அதனால்தான் பலர் விலகாமலே விளையாடி, இந்த விளையாட்டில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பழைய கன்ட்ரோலர் வாங்கி போனோடு இணையுங்கள். வாங்கும்போது கடையிலேயே மேலும் கீழும் தட்டிப் பாருங்கள், பாவித்த கன்ட்ரோலரில் தேய்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.