செஸ் கேள்வி பதில்: ட்ராப் மனப்பாடம் பண்ணா போதுமா?

கேள்வி: ஓப்பனிங் ட்ராப் (ஆட்ட ஆரம்பத்துலயே எதிராளியை மாட்டி விடற பொறி) புக் வாங்கி முப்பது நாப்பது ட்ராப் மனப்பாடமே பண்ணிட்டேன், ஆனா எதிர்ல உக்கார்றவன் புக்ல இருக்கற மூவை ஆடவே மாட்டேங்கறான். ராணியைக் குடுத்துட்டு மேட் பண்ற லெகால் மேட் ட்ரை பண்ணேன், குதிரை போனதுதான் மிச்சம். எங்க தப்பு பண்றேன்?

பதில்: அவன் அந்த புக்கைப் படிக்கலையே, பாவம்! உங்க குதிரை எப்படிப் போச்சுன்னு கேமைப் பார்க்காமலே சொல்றேன், கறுப்புக் குதிரை சி6ல நின்னிருக்கும். போர்டை எடுத்து வைங்க, இ4, எஃப்3ங்கறதெல்லாம் கட்டத்தோட பேரு. வெள்ளை இ4, கறுப்பு இ5, குதிரை எஃப்3, டி6, பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4, குதிரை சி3, கறுப்பு சும்மா ஜி6னு ஒரு பானை (சிப்பாயை) தள்ளுது. இப்ப ராணியை அம்போன்னு விட்டுட்டு வெள்ளைக் குதிரை இ5 பானை வெட்டுது. ஆசைப்பட்டு ராணியை வெட்டினான்னா பிஷப் எஃப்7ல வெட்டி செக், ராஜாவுக்கு இ7 ஒண்ணுதான் வழி, அடுத்து குதிரை டி5, மேட். ஏழே மூவ்.

இதே சி6ல குதிரை இருந்தா அது உங்க குதிரையை இ5ல வெட்டிடும், அங்க நின்னுக்கிட்டே ஜி4 பிஷப்புக்கும் காவல் குடுக்கும், அவ்ளோதான், சோலி முடிஞ்சது. ஆனா முன்னாடியே ஹெச்3 தள்ளி அந்த பிஷப்பை ஹெச்5க்கு விரட்டியிருந்தீங்கன்னா கதையே வேற, ஏன்னா இ5 குதிரைக்கு ஹெச்5 எட்டாது. அவன் இ5ல உங்க குதிரையை வெட்டினாலும் நீங்க ராணியால பிஷப்பை வெட்டலாம், அவன் பதிலுக்கு சி4 பிஷப்பை வெட்டுவான், நீங்க பி5ல ராணியை வச்சு செக் குடுத்து அந்தக் குதிரையையும் தூக்கிடலாம். ஒரு பான் லாபம்.

ஒவ்வொரு ட்ராப் பக்கத்துலயும் "எந்தக் காய் எங்க இருந்தா இது ஓடாது"ன்னு பென்சில்ல எழுதி வைங்க, நாப்பது வேணாம், அஞ்சு போதும். அவன் விழலைன்னா நம்ம பொசிஷன் நாறிப்போற ட்ராப்பை எல்லாம் தொடாதீங்க, ராணியை ரெண்டாவது மூவ்லயே வெளிய இழுத்துட்டு வர்ற வகையறா அதுல சேர்த்தி.

கேள்வி: புக்ல ஃபோர்க் (ஒரே காய் ரெண்டு காயைத் தாக்கறது), பின் (பின்னாடி இருக்கற பெரிய காயை மறைச்சுக்கிட்டு நகர முடியாம மாட்டறது) எல்லாம் டக்குனு தெரியுது, கேம்ல கண்ணுக்கே படல. ஏன்?

பதில்: புக்ல "வெள்ளை ஆடி ஜெயிக்கணும்"னு மேலயே போட்டுடறாங்க, கேம்ல யாரு காதுல வந்து சொல்லப் போறா? அதனால முழு கேம் எடுத்துக்கிட்டு, வர்ற மூவை அட்டையால மூடி வச்சு, நீங்களே யோசிச்சுட்டு அப்புறம் திறந்து பாருங்க. அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி 1858ல பாரிஸ் ஆபரா ஹவுஸ்ல ரெண்டு பிரபுக்களை எதிர்த்து ஆடின கேம்ல ஆரம்பிக்கலாம், மொத்தமே 17 மூவ்தான். 12வது மூவ்ல வெள்ளை ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தறது) பண்ற இடத்துல நிறுத்துங்க. கறுப்போட ரெண்டு குதிரையும் பின்ல மாட்டியிருக்கும், டி7ல இருக்கறது ராஜாவை மறைச்சுக்கிட்டு, எஃப்6ல இருக்கறது ராணியை மறைச்சுக்கிட்டு. அதைப் பார்த்தப்புறம் அடுத்து யானை டி7ல பாயறது உங்களுக்கே தோணும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை புதிர் போடலாம்?

பதில்: பத்து. போர்டுல காயை நகர்த்தாம, பதிலைத் திருப்பிப் பார்க்காம. தப்பான புதிரை மட்டும் ஒரு வாரம் கழிச்சு திரும்பப் போடுங்க, பாதி மறந்திருப்பீங்க, எனக்கும் அப்படித்தான்.