தினமும் ஒரு பாக்கெட் ஈனோ: தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். நாலு வருஷமாகச் சாப்பிட்டதும் வயிறு உப்பி, மேல்வயிற்றில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது. நெஞ்சும் எரிகிறது. ஒரு பாக்கெட் ஈனோ குடித்தால் பெரிய ஏப்பம் வந்து சரியாகிவிடும். முன்பு எப்போதாவது குடித்தேன். இப்போது தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. ஆயுர்வேத மருந்து என்றுதான் பாக்கெட்டில் போட்டிருக்கிறது. காலை டிபனுக்குப் பிறகு மெடிக்கலில் கொடுத்த கேஸ் மாத்திரை ஒன்றும் போடுகிறேன். பிரஷருக்கும் முட்டி வலிக்கும் மாத்திரை உண்டு. இப்படியே தொடரலாமா? இதைவிட நல்ல மருந்து இருக்கிறதா?

பதில்: உங்கள் கேள்வியில் என் கண் முதலில் போய் நின்றது ஈனோவில் அல்ல, கடைசியில் போகிறபோக்கில் சொன்ன முட்டி வலி மாத்திரையில். அதற்கு வருகிறேன். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தினமும் வேண்டாம்.

ஈனோ பழைய சரக்கு. 1850களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ என்ற மருந்துக்கடைக்காரர் கலந்து விற்ற உப்பு அது. அந்தக் கால விளம்பரங்கள் பித்தம், தலைவலி, காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் அதைக் கைகாட்டின. இன்று நம் ஊரில் ஆயுர்வேத உரிமத்தில் விற்கப்படுகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘ஸ்வர்ஜிக்ஷாரம்’, ‘நிம்புகாம்லம்’ என்று இருக்கும். முதலாவது சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட். இரண்டாவது சிட்ரிக் அமிலம். சமஸ்கிருதப் பெயர் வைத்ததால் சோடா உப்பின் குணம் மாறிவிடாது.

தண்ணீரில் போட்டதும் பொங்குகிறதே, அது இந்த இரண்டும் வினைபுரிந்து வரும் கரியமில வாயு. ஒரு பாக்கெட்டிலிருந்து அரை லிட்டருக்கும் மேல் வாயு கிளம்பும். பெரும்பகுதி டம்ளரிலேயே போய்விடுகிறது, மிச்சம் உங்களோடு உள்ளே இறங்குகிறது. நீங்கள் விடும் அந்தப் பெரிய ஏப்பத்தில் பாதி மருந்து கொண்டுவந்த காற்றுதான்! “கேஸ் வெளியே வந்துவிட்டது” என்று மனசு சமாதானமாகிவிடுகிறது. அமிலம் தணிவது என்னவோ உண்மைதான். ஆனால் தீர்வு சற்று நேரத்துக்குத்தான், மறுநாள் இரவு திரும்பவும் பாக்கெட்டைக் கிழிக்க வேண்டும்.

உங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 5 கிராம் பாக்கெட்டில் சுமார் பாதி சோடா உப்பு. அதில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். குறைந்தது ஒன்றரை கிராம் சமையல் உப்பில் இருக்கும் அளவு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு பாக்கெட் குடிக்கும் நாளில், ஊறுகாயும் அப்பளமும் தொடாமலே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு கையில் பிரஷர் மாத்திரை, மறு கையில் உப்பு. உங்கள் பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

கல்யாண வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்ட ராத்திரி ஒரு பாக்கெட் குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். அதற்காகச் செய்த மருந்துதான் அது. ஈனோ மாதிரி அமிலத்தை முறிக்கும் எந்த மருந்தும் (ஆன்டாசிட்) இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தேவைப்பட்டால், அதை மாற்றிப் பயனில்லை. ஏன் தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஜெலுசில் மாதிரி அலுமினியம், மக்னீசியம் கலந்தவற்றில் சோடியம் தொல்லை குறைவு. ஆனால் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கு அவை உடம்பில் சேராமல் தடுக்கும். நாலு மணி நேர இடைவெளி தேவை.

இனி முட்டி வலி மாத்திரை. அது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற ஒன்றாக இருந்தால், உங்கள் வயிற்றுக்கு முதல் சந்தேகப் புள்ளி அதுதான். வலியைக் கிளப்பும் பொருளின் உற்பத்தியை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் கோழைப்படலம் உருவாகவும் அதே பொருள்தான் வேண்டும். காவலாளை அனுப்பிவிட்டுக் கடையைத் திறந்து வைத்த கதை. புண் வந்தாலும் வலிக்காமல் இருந்து, ஒருநாள் ரத்தமாக வெளிப்படலாம். பிரஷரை ஏற்றுவதிலும் சிறுநீரகத்தைக் கெடுப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. மருத்துவரிடம் சொல்லி பாரசிட்டமாலுக்கோ மேலே தடவும் ஜெல்லுக்கோ மாற முடியுமா என்று கேளுங்கள். வயிற்றுத் தொல்லையில் எவ்வளவு இதனால் வந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேஸ் மாத்திரை பெரும்பாலும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்ததாக இருக்கும். டிபனுக்குப் பிறகு போடுகிறீர்கள். கால் வாசி நோயாளிகளாவது இப்படித்தான் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றும், கடையில் யாரும் சொல்வதில்லை. சாப்பாடு உள்ளே வரும்போதுதான் இரைப்பையின் அமிலப் பம்புகள் வேலையைத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றைப் பூட்ட முடியும். ஆகவே வெறும் வயிற்றில், சாப்பிட அரை மணி நேரத்துக்கு முன்னால். சரியான நேரத்தில் நாலு முதல் எட்டு வாரம் போட்டுப் பார்த்த பிறகுதான் “இந்த மாத்திரை கேட்கவில்லை” என்று சொல்லலாம்.

கூட இருக்கும் டாம்பெரிடோன் வாந்திக்கான மருந்து. இதயத் துடிப்பின் தாளத்தைச் சிலருக்குக் குலைக்கும் என்பதால், குமட்டல், வாந்திக்கு மட்டும், அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பாவில் 2014-லேயே கட்டுப்படுத்திவிட்டார்கள். இங்கே வருஷக்கணக்கில் ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் போய்க்கொண்டிருக்கிறது. கேட்காமலே கொடுப்பதும் வாங்குவதும் எனக்கு உறுத்தல்தான்.

பான்டோப்ரசோலைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்குப் பிறகு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லை வந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 15 சதவீதம். 2009-இல் வெளியான ஆய்வு அது. கட்டிவைத்த அமிலம் அவிழ்த்துவிட்டதும் சில வாரம் பொங்குகிறது, ஆள் “மாத்திரை இல்லாமல் முடியவில்லை” என்று மறுபடி கடைக்குப் போகிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மெல்லக் குறைக்க வேண்டும். அதுவும், முட்டி வலி மாத்திரை தொடரும்வரை இதை நிறுத்தக் கூடாது. அந்த வரிசை முக்கியம்.

என்னிடம் நேரில் வந்திருந்தால் நான் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லியிருப்பேன். 54 வயது, பிரஷர், நெஞ்செரிச்சல். படி ஏறும்போதோ, மூட்டை தூக்கும்போதோ நெஞ்சு அடைத்து, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறதா? அப்படியானால் அது ‘கேஸ் பிடிப்பு’ இல்லை. ஈனோ கரைத்துக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதை எழுதும்போது எனக்கு நினைவு வரும் முகங்கள் சில உண்டு.

அடுத்து எண்டோஸ்கோபி. நாலு வருஷத் தொல்லைக்கும் வலி மாத்திரைக்கும் இந்த வயதுக்கும் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுவதுதான் முறை. எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை, தொடர் வாந்தி, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வாரமே. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். ராபின் வாரனோடு சேர்ந்து 2005-இல் நோபல் பரிசும் பெற்றார். மூச்சு, மலப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பான்டோப்ரசோலை இரண்டு வாரம் விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். உங்களுக்கு அதை எப்போது விடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

எல்லாம் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று வரலாம். பலருக்கு அப்படித்தான் வரும். அது மனப்பிரமை இல்லை. சாப்பாடு வந்ததும் இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும், சிலருக்குக் கொடுப்பதில்லை, நரம்புகளும் சின்ன உப்பலைக்கூடப் பெரிதாகச் சொல்கின்றன. அதற்கு வேறு மருந்துகள் உண்டு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஏழு மணிக்கே சாப்பிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்வதில் அர்த்தமில்லை. மளிகைக் கடையில் அதுதான் கூட்ட நேரம். ஆறு மணிக்கு டீயும் பஜ்ஜியும் வாங்குவதற்குப் பதில் வீட்டிலிருந்து நாலு இட்லியோ சப்பாத்தியோ கொண்டுபோய் முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர், வேண்டுமானால் கொஞ்சம் இடியாப்பம். சாப்பிட்டதும் படுக்காமல் இருப்பதுதான் நெஞ்செரிச்சலுக்கு விலையில்லா மருந்து. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தலையணை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடது பக்கமாகப் படுங்கள். சுக்கு, சீரகம், ஓமம் கொதித்த நீர் தாராளமாகக் குடிக்கலாம். அஷ்ட சூரணம் வாங்கினால் மட்டும் ஞாபகம் வையுங்கள், அதில் இந்துப்பு உண்டு, பிரஷர்காரருக்கு அதுவும் உப்புதான்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஈனோ பாக்கெட்டையும் சேர்த்து. கடையில் நீங்களே சரமாகத் தொங்கவிட்டு விற்பதாலோ என்னவோ, அதை யாரும் மருந்துக் கணக்கில் சொல்வதே இல்லை.