ஹரேதி ரப்பி என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்?

சமய மரபை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஹரேதி யூதர்களிடையே ரப்பி என்பவர் நம் ஊர்ப் பூசாரியைப் போன்றவரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை; அவர் முதன்மையாக 'ஹலாகா' என்னும் யூதச் சட்டத்தைக் கற்று, கற்பித்து, தீர்ப்புரைப்பவர்.

1910இல் எருசலேமில் பிறந்த ரப்பி ஷ்லோமோ சல்மான் அவுர்பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாரே ஹெசெட் பகுதியில் எளிய வீடொன்றில் வாழ்ந்துகொண்டே, கோல் தோரா என்னும் கல்விக்கூடத்தை 1949 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மின்சாரம் (ஆம், மின்சாரமேதான்!). யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாது என்பது அவர்களுடைய வேதமான தோராவின் விதி. அப்படியானால் சுவிட்சைத் தட்டுவது நெருப்பு மூட்டுவதாகுமா? குண்டு பல்பில் உலோக இழை பழுக்கச் சூடாவதால் அது நெருப்பே என்றார். ஆனால், மின்சுற்றை இணைப்பதே, ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 'கட்டுதல்' (கட்டடம் கட்டுவது போன்ற வேலை) என்ற தடைக்குள் வரும் என்று ஹசோன் இஷ் என்ற பேரறிஞர் கூறியதை மறுத்த அவர், வெறும் மின்னோட்டத்தில் தோராவின் தடை எதுவும் இல்லை என்று வாதிட்டார். அதே வேளையில், ஓய்வுநாளில் மின்சாரத்தைத் தவிர்க்கும் வேரூன்றிவிட்ட வழக்கத்தைக் கைவிடலாகாது என்றும் சொன்னார். வாதத்தில் துணிவும் நடைமுறையில் நிதானமும் கலந்த இந்தப் போக்கே அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

மருத்துவர்களும் அவரிடம் ஐயம் கேட்டு வந்தார்கள். அரசுப் பதவி எதுவும் வகிக்காத அவருடைய இறுதி ஊர்வலத்தில், 1995இல், இலட்சக்கணக்கானோர் திரண்டனர்.