பட்டாவுக்காகப் பிரதமர் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: தாத்தா கிரயம் வாங்கிய ஒன்றே முக்கால் ஏக்கர் புஞ்சை. யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) சமயத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் பட்டா ஏறிவிட்டது. தாலுகா ஆபீசுக்கு நடந்து அலுத்துப்போய்ப் பிரதமருக்கு ஆன்லைனில் மனு போட்டேன். 'மாநில அரசுக்கு அனுப்பப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள். நாட்டையே ஆள்பவர் ஒரு உத்தரவு போடக்கூடாதா? அவரையே முதல் எதிர்மனுதாரராகப் போட்டு மதுரைக் கிளையில் ரிட் தாக்கல் செய்யலாமா? போன தை மாதம் அந்த ஆள் வேலி போட வந்து, 'பட்டா என் பேரில் இருக்கிறது, நிலமும் எனதுதான்' என்று சொல்லிவிட்டுப் போனார். (வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: பிரதமர் மேல் வழக்குப் போட முடியுமா என்றால், முடியும். அரசியல் சாசனத்தின் 361வது பிரிவு பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும்தான் விலக்குக் கொடுக்கிறது. பிரதமருக்கு அந்தச் சலுகை கிடையாது. 1975 மார்ச்சில் இந்திரா காந்தி அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தபோது, நீதிபதி வரும்போது மட்டும்தான் கோர்ட்டில் எழுந்து நிற்பது வழக்கம், பிரதமருக்காக யாரும் எழ வேண்டாம் என்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா முன்கூட்டியே சொல்லிவிட்டார். உட்கார நாற்காலி கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஜூன் 12 அன்று, ரே பரேலியில் அவர் ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது, அதுவும் அரசு ஊழியர்களைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார் என்ற காரணத்துக்காக. அதன் பிறகு நெருக்கடி நிலை வந்தது, பிரதமரின் தேர்தலைக் கோர்ட்டே கேட்கக்கூடாது என்று 39வது திருத்தம் வந்தது, அதில் அந்தப் பகுதியை அதே வருடம் நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது (திருத்திய தேர்தல் சட்டத்தை வைத்து அவருடைய வெற்றி தப்பியது வேறு விஷயம்). முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவைக்கூட 2000இல் தனி நீதிமன்றம் தண்டித்தது, மேல்முறையீட்டில்தான் விடுதலையானார்.

சரி, முடியும் என்பதற்காக நீங்கள் போடலாமா? வேண்டாம். சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில் நிலம் 18வது இனம், நில ஆவணங்கள் 45வது இனம். பிரதமரைப் பற்றிச் சாசனம் பேசுவதே கொஞ்சம்தான்: 74இல் அமைச்சரவைக்குத் தலைவர், 75இல் நியமனம், 78இல் குடியரசுத் தலைவருக்கு விவரம் சொல்லும் கடமை. மத்திய அரசின் உத்தரவுகள்கூடக் குடியரசுத் தலைவர் பெயரில்தான் போகும். பிரதமரின் பலமெல்லாம் மக்களவையில் இருக்கும் தலைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 1999 ஏப்ரலில் ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. ஆனால் உங்கள் தாசில்தாரைப் பக்கத்து தாலுகாவுக்கு மாற்றக்கூட எந்தப் பிரதமருக்கும் சட்டத்தில் வழி இல்லை.

அங்கே சொன்னால் எல்லாம் நடக்கும் என்ற எண்ணம் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. நேரு காலத்தில் பிரதமரின் செயலகம் சின்னதாக இருந்தது. 1964இல் சாஸ்திரி எல்.கே. ஜாவைச் செயலாளராகக் கொண்டுவந்த பிறகு அதற்குக் கனம் கூடியது, இந்திரா காலத்தில் பி.என். ஹக்சர் இருந்தபோது மற்ற அமைச்சகங்களே அதைப் பார்த்து நடந்தன. 1977இல் மொரார்ஜி வந்து 'செயலகம்' என்பதை 'அலுவலகம்' ஆக்கினார், பெயரைச் சின்னதாக்கினால் ஆசையும் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. இவ்வளவு பெரிய அலுவலகமும் உங்கள் மனுவைச் சென்னைக்குத் தள்ளத்தான் முடியும். சென்னையிலிருந்து கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து தாலுகா ஆபீஸ். அதாவது யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே. வேண்டுமானால் 10 ரூபாய் கட்டி, மனு எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பதில் பின்னால் ரிட்டில் இணைக்க உதவும்.

இனி செய்ய வேண்டியது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டு (கிராமத்து நிலங்களின் விவரப் பதிவேடு) நகல், பழைய கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, பட்டாவைத் திருத்தக் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு கொடுங்கள், பதிவுத் தபாலில் ஒரு பிரதியும் அனுப்புங்கள். அந்த மனு கிடப்பில் கிடந்தால் மட்டும், 'சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு போடு' என்று கேட்டு மதுரைக் கிளைக்குப் போகலாம். எதிர்மனுதாரர்கள் கலெக்டர், மாவட்ட வருவாய் அலுவலர், தாசில்தார், அப்புறம் அந்தப் பக்கத்து நிலத்துக்காரர். அவரை விட்டுவிட்டு வாங்கும் உத்தரவு நிற்காது. பிரதமரைச் சேர்த்தால் பதிவாளர் அலுவலகமே 'இவர் எதற்கு' என்று கேட்டு மனுவைத் திருப்பும், அல்லது முதல் நாளே நீதிபதி அந்தப் பெயரை நீக்கச் சொல்வார். கேஸ் எண் விழவே வாரக்கணக்கில் ஆகிவிடும்.

ஆனால் ரிட்டைவிட எனக்குக் கவலை அந்த வேலிதான். பட்டா வருவாய்க் கணக்கு மட்டுமே, நிலம் யாருடையது என்று தாசில்தாராலும் முடிவு செய்ய முடியாது, ரிட்டிலும் அது முடிவாகாது. எதிராளி 'எனது' என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டார், எனவே உரிமை விளம்புகை (நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது) கேட்டு நிரந்தரத் தடையுத்தரவோடு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டிய நிலை வந்துவிட்டது. 1983ஆம் வருடப் பட்டா பாஸ்புக் சட்டத்தின் 14வது பிரிவே அதற்கு வழிவிடுகிறது. விளம்புகைக்குக் காலவரம்பு மூன்று வருடம், போன தை மாதத்திலிருந்தே அதை எண்ணத் தொடங்குவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்களோடு இந்த வாரமே உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், இடைக்கால உத்தரவு கைக்கு வரும் வரை நிலத்தில் உழவை நிறுத்தாதீர்கள்.